நிரந்தரப் பத்திரம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம் என்று எழுதிவிட்டு, அது பொய்யா மெய்யா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உடம்பைப் பொறுத்தவரை மெய்தான், எனக்கு அதே முழங்கால் வலி, அவருக்கு அதே இருமல், புதிதாக ஒன்றும் சேரவில்லை. நீயும் பேத்தியும் குளிரில் வாடாமல் நல்லபடியாக இருக்கவேண்டும், எந்நேரமும் எனக்கு அந்த நினைப்புத்தான். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதிக் கூரியர்காரனுக்குத் தண்டம் அழுகிறாள் என்று கேட்பாய். என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்ததுதான் உனக்குத் தெரியுமே, அதை இன்னும் பழுது பார்க்கவில்லை. இருக்கிற ஒன்று உன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது, நீ கூப்பிடும்போதெல்லாம் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அப்படியே நீ எனக்குத் தனியாகக் கிடைத்தாலும் உன் குரலைக் கேட்டதும் "நல்லாயிருக்கோம் கண்ணு" என்றுதான் என் வாய் சொல்லும், அதற்கு அப்படிப் பழகிப்போய்விட்டது. எழுதினால்தான் எனக்கு உண்மை வரும். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். இந்த மாதக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னாயே, கொடுக்காதே. டிக்கெட் எடுக்காதே. நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உன் பிசியோதெரபி கிளினிக்குக்காகப் பிடித்து வைத்திருந்த அறை இப்போது நம் கையில் இல்லை, அதற்கான பணமும் இல்லை. நீ இத்தனை வருடமாக அனுப்பியது, அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்தது, இரண்டும் சேர்ந்து போய்விட்டது. திருடு போகவில்லை, யாரும் வாங்கிக்கொண்டு ஓடவும் இல்லை. எப்படிப் போனது என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், யார் வீட்டுக்குப் போனாலும் லிஃப்டில் ஏறுமுன் உள்ளே அடித்திருக்கிற தகட்டைப் படிப்பார், எத்தனை பேர், எத்தனை கிலோ, கடைசியாகச் சோதித்தது எப்போது என்று. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், எனக்கு மானம் போகும். நீ சின்னவளாக இருந்தபோது லிஃப்டுக்குப் பயந்து அழுவாய், ஒருநாள் உன்னை மொட்டைமாடி மோட்டார் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கயிறுகளைக் காட்டி, ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்கும், எல்லாம் அறுந்தாலும் அடியில் ஒரு பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லித் தேற்றினார். அதற்குப் பிறகு நீ பயப்படவில்லை, பார்க்கிற பிள்ளைகளுக்கெல்லாம் நீயே பாடம் நடத்தினாய். "ஒரே கயித்துல ஆளைத் தொங்கவிடுறவன் மெக்கானிக்கே இல்ல" என்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் இருந்த பணம் அத்தனையையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார். இதை அவரைக் குறை சொல்ல எழுதவில்லை, எனக்கே இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பணம் தெருமுனையில் இருக்கிற வங்கியில் நிரந்தர வைப்பில் கிடந்தது. அதில் புரியாதது ஒன்றுமில்லை, நாம் போட்டது முதல், அவர்கள் போடுவது வட்டி, முதிர்வுத் தேதி வந்தால் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் மறுபடி போடலாம். அந்தத் தேதி வரும்போது இருவரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போய்ப் புதுப்பித்துவிட்டு, வருகிற வழியில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வருவோம், எங்களுக்கு ஊர்சுற்றல் அதுதான். பிறகு வட்டியைக் குறைத்தார்கள். மறுமுறையும் குறைத்தார்கள். அந்த நேரத்தில்தான் வங்கிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள், கழுத்தில் அட்டை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு, நான் அவளுக்குச் சிரிப்பு மேனேஜர் என்று பெயர் வைத்தேன். நல்ல பெண்தான். எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள், "அங்கிள், வட்டி வருஷத்துக்கு அஞ்சு ஏறுது, விலைவாசி ஆறு ஏறுது, அப்ப உங்க பணம் கூடலை, இளைக்குது" என்று. அதற்குப் பணவீக்கம் என்று பெயராம். பணம் இளைப்பதற்குப் பெயர் வீக்கமா என்று நான் சிரித்தேன், ஆனால் மருந்துக்கடையில் அத்தனை வருடம் பில் போட்டவள் நான், ஒரே மாத்திரை அட்டைக்கு விலை எப்படி எப்படி ஏறியது என்று என் கை அறியும், அவள் சொன்னது சரிதான் என்று தலையாட்டினேன். உன் அப்பாவுக்கோ அன்றிலிருந்து தூக்கமில்லை. நீ சொன்ன சிகிச்சைக் கட்டில், மின்சாரம் வைக்கிற மெஷின், இரண்டுக்கும் விலை கேட்டு வைத்திருந்தார், பணம் உட்கார்ந்த இடத்தில் இளைத்துக்கொண்டே போனால் நீ வருவதற்குள் கட்டில் மட்டும்தான் மிஞ்சும், நோயாளி வந்து படுத்துக்கொண்டு திரும்பிப் போகவேண்டியதுதான் என்று புலம்பினார்.

அடுத்த முறை போனபோது அவள் ஒரு வழவழப்பான தாளை நீட்டினாள். அடியில் தடிமனாக ஒரு புத்தகம் போல வேறு இருந்தது, அது பொடி எழுத்து, யாரும் படிக்கவில்லை. தமிழில் அந்த ஒற்றைத் தாள் மட்டும். அதன் உச்சியில் பெரிய எழுத்தில் இரண்டே சொல்: நிரந்தரப் பத்திரம். உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார், அந்த இரண்டு சொல்லோடு நின்றுவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதே பேச்சு. "இத்தனை நாளா நிரந்தர வைப்புல போட்டோம், ஒரு குறை இல்ல. வைப்புன்னா சும்மா வச்சிருக்கிறது. இது பத்திரம்டி. நிரந்தரமாவும் இருக்கு, பத்திரமாவும் இருக்கு, வட்டியும் ஒன்றரை மடங்கு, இன்னும் என்ன வேணும்" என்றார். அவருக்கு அந்தச் சொல்மேல் எப்போதுமே ஒரு நம்பிக்கை. நீ விமானம் ஏறிய அன்று உன்னைப் பார்த்துப் பத்திரம், பேத்தியைத் தூக்கி முத்தம் கொடுத்துப் பத்திரம், உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போன ஆளிடம்கூடப் பத்திரம் என்று சொன்னவர். தாளில் முதிர்வுத் தேதி என்கிற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்ததை நானும் பார்த்தேன், இது என்ன என்று அவளிடம் கேட்டேன். "அஞ்சு வருஷத்துல பேங்கே திரும்ப வாங்கிக்கும் ஆன்ட்டி, எப்பவும் வாங்கிப்பாங்க, அதான் வழக்கம்" என்றாள். தேதி போடாத மாத்திரையைக் கையால் தொடமாட்டோம் நாங்கள், ஆனால் இது மாத்திரை இல்லையே, கெட்டுப்போகாத சாமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார், நாமினி என்ற இடத்தில் உன் பெயரை எழுதினார், எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே நீ, ஏதோ உனக்கு வீட்டையே எழுதிவைக்கிற மாதிரி.

முதல் வருடம் வட்டி சொன்னபடி வந்தது. அதுதான் வினை. வராமல் இருந்திருந்தால் விழித்திருப்போம். வந்ததும் உன் அப்பா முதலீட்டாளர் ஆகிவிட்டார். காலையில் பேப்பர் வந்தால் முன்பெல்லாம் விபத்துச் செய்தியைத்தான் முதலில் படிப்பார், இப்போது வணிகப் பக்கம். பால் போடுகிறவரை வாசலில் நிறுத்தி வைத்துக் கூட்டு வட்டி சொல்லிக்கொடுத்தார், வட்டியை எடுத்துச் செலவழிக்காமல் முதலோடு சேர்த்துவிட்டால் அடுத்த வருடம் வட்டிக்கும் வட்டி, பிறகு அதற்கும் வட்டி, இப்படிக் குட்டிபோட்டுக்கொண்டே போகும் என்று. பால்காரர் பாவம், பால் திரிந்துவிடும் என்ற கவலையில் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போவார். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் உன் அப்பா "ரிஸ்க் எடுக்காம ரிட்டர்ன் இல்ல சார்" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். வாத்தியார் அதற்கு, "ரிஸ்க் எவ்வளவுன்னு தெரிஞ்சா எடுக்கலாம்" என்றார், உன் அப்பா அது பொறாமை என்று வீட்டுக்கு வந்து சொன்னார். நானும் ஆமாம் போட்டேன். அந்த வருட வட்டியில்தான் கீழ் அறைக்கு முன்பணம் கொடுத்தோம், வெள்ளையடித்தோம். சுவரோரம் நடந்து பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்று நீ சொன்னாயே, அதை உன் அப்பா ஆளை விடாமல் தன் கையாலேயே அடித்தார். என்னைச் சுவரோடு நிற்கவைத்து, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு, கொஞ்சம் குட்டையானவர்களுக்கு ஒரு கோடு என்று பென்சிலால் போட்டு, இரண்டு வரிசையாகப் பதித்து, கடைசியில் அவரே அதில் தொங்கிப் பார்த்தார். லிஃப்டுக்குள் போடுகிற கம்பி அது, அசையவே அசையாது.

இரண்டாவது வருடம் வட்டி வரவில்லை. கேட்டதற்கு, இந்த வருடம் வங்கிக்கு லாபமில்லை, லாபமில்லாத வருடம் வட்டி கொடுக்காமல் விட அவர்களுக்கு உரிமை உண்டு, அது அந்தப் பொடி எழுத்தில் இருக்கிறது என்றார்கள். அப்போதே விற்றுவிடலாம் என்று வாத்தியார் சொன்னார். விற்கலாம்தான், ஆனால் அந்த ஐந்து வருடம் முடியுமுன் இதை வங்கி திரும்ப வாங்காது, வேறு யாராவது வாங்கவேண்டும், எங்களைப் போல விற்க நிற்கிறவர்கள் தெருமுழுக்க, வாங்க ஒரு ஆள் இல்லை. நினைத்தபோது காசாக்க முடிகிற குணத்துக்கு ஒரு பெயர் சொன்னார் வாத்தியார், பணமாகும் தன்மை என்று, அது நம்முடையதற்கு இல்லை. தங்கம் என்றால் எந்தக் கடையிலும் போட்டுவிட்டு வரலாம், இது அச்சடித்த தாள், அதுவும் தாளாகக்கூட இல்லை, எங்கோ கம்ப்யூட்டரில் ஒரு வரி. பிறகு பேப்பரில் அந்த வங்கியின் பெயர் தினமும் வர ஆரம்பித்தது, கொடுத்த கடன் திரும்பவில்லை, தலைவர் விலகினார் என்று. நான் தினமும் அவருக்கு முன்னால் பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். உன் அப்பா மட்டும் அசரவில்லை, "அது பங்கு வச்சிருக்கிறவன் கவலைப்படவேண்டியது, நமக்கென்ன, நம்முது பத்திரம்" என்றார்.

ஒருநாள் போனில் செய்தி வந்தது. தமிழில்தான் வந்தது, "தங்கள் நிரந்தரப் பத்திரங்கள் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்பட்டுள்ளன" என்று. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. உன் அப்பா அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், முகமெல்லாம் மலர்ச்சி. துணிக்கடையில் போடுவார்களே, அந்தத் தள்ளுபடி என்று நினைத்திருக்கிறார். "வட்டி கொடுக்காததுக்குச் சமாதானம் பண்றாங்க போல, நமக்கு எவ்வளவு தள்ளுபடின்னு கேட்டுட்டு வந்துடுறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். எனக்குப் புரிந்துவிட்டது, கண்ணு. மருந்துக்கடையில் காலாவதியான சரக்கை எழுதிக் கழிக்கும்போது எங்கள் முதலாளியும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார். வாசல்வரை போனேன், அவர் தெரு திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். அங்கே டோக்கன் எடுத்து, முறை வரும்வரை உட்கார்ந்திருந்து, கவுன்ட்டரில் இருந்தவனிடம் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று கேட்டிருக்கிறார். "நூறு சார்" என்றானாம் அவன். அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, எழுந்து உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தானாம். அதற்குப் பிறகுதான் இவருக்குப் புரிந்திருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் சிரிப்பு மேனேஜர் வீட்டுக்கு வந்தாள், கழுத்தில் அட்டை இல்லாமல். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவே இல்லை, சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "எங்க அம்மா பணத்தையும் அதுலதான் ஆன்ட்டி போட்டேன்" என்றாள். திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் போயிற்று பார். அன்றைக்குத்தான் அவள் எல்லாவற்றையும் எங்களுக்கு விளக்கினாள், கையெழுத்துப் போடுமுன் சொல்லியிருக்கவேண்டியதை. பத்திரம் என்றால் பத்திரமாக இருப்பது இல்லையாம், கடன் சீட்டு. வைப்பு என்றால் நாம் போட்டது நம் பணம், இதுவோ நாம் வங்கிக்குக் கொடுத்த கடன். நிரந்தரம் என்றால், முதலைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் என்று ஒன்று நிரந்தரமாகவே கிடையாது, அதுதான் நிரந்தரம். வங்கி நொடித்தால் ஒரு வரிசை இருக்கிறதாம், வைப்பு வைத்தவர்கள் முதலில், பிறகு மற்ற கடன்காரர்கள், அதற்கும் பின்னால் நாம், நமக்கும் பின்னால் பங்கு வைத்திருக்கிறவர்கள். வட்டி ஏன் ஒன்றரை மடங்கு என்று நாங்கள் கேட்கவே இல்லையே, வரிசையில் பின்னால் போய் நிற்பதற்குக் கொடுத்த கூலி அது. இதில் வேடிக்கை என்னவென்றால், நமக்குப் பின்னால் நிற்கவேண்டிய பங்குக்காரர்களுக்குக்கூடப் பேருக்கு ஏதோ மிஞ்சியது, நமக்குத்தான் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டேன். அதுவும் பொடி எழுத்தில் இருக்கிறதாம். நிரந்தர வைப்பிலேயே விட்டிருந்தால் ஒரு காசு போயிருக்காது, இன்று அதே வங்கியில் அதே நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரும் புதுப்பித்துக்கொண்டு போகிறார்கள். ஒரே ஒரு சொல் மாறிப்போனது, அவ்வளவுதான். உன் அப்பா அவள் பேசியதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுவிட்டு, "கடைசிப் பிரேக்குன்னு ஒண்ணு கிடையாதாம்மா இதுல" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

வழக்குப் போட்டிருக்கிறோம், அதாவது எங்களைப் போல இருக்கிறவர்கள் சேர்ந்து போட்டிருக்கிறார்கள், நாங்களும் பெயர் கொடுத்திருக்கிறோம். ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள், போனேன். எல்லாம் வயதான தலைகள், பென்ஷன்காரர்கள், ஒரு டாக்டர்கூட இருந்தார், எல்லோரும் நிரந்தரம் என்ற சொல்லுக்கு அர்த்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார், வருடக்கணக்கில் ஆகும், வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று. உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, "கேஸ் நம்ம பக்கம்தான், வந்துடும்" என்கிறார். நம்பிக்கையாக உனக்கு ஒரு வரி எழுதலாம் என்று நானும் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை, எனக்கு நம்பிக்கை இல்லை. இருக்கிற மாதிரி உன்னிடம் நடிக்கமாட்டேன்.

கீழ் அறைச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன். வாடகை கொடுக்காமல் எத்தனை மாதம் வைத்திருக்க முடியும், முன்பணத்தில் கழித்துக்கொண்டே வந்தார், அது தீர்ந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. உன் அப்பா அடித்த கம்பியைக் கழற்ற அந்தக் கடைக்காரன் எவ்வளவோ பாடுபட்டான், சுவர்தான் பெயர்ந்தது, கம்பி வரவில்லை. சரி போகட்டும் என்று அதிலேயே போன் உறைகளை வரிசையாக மாட்டி வைத்துவிட்டான், மேல் வரிசை விலை கூடியது, கீழ் வரிசை விலை குறைந்தது. காய்கறி வாங்கப் போகும்போது நான் எதிர்ப்பக்கமாகவே போய்வருகிறேன். உன் அப்பா ஒருநாள் உள்ளேயே போய், கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார், என்ன வேணும் சார் என்று கேட்டிருக்கிறான், ஒண்ணுமில்ல என்று வந்துவிட்டாராம்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். நீ கூப்பிட்டு அவர் எடுக்காத நாளில், அப்பா வாக்கிங் போயிருக்கிறார் என்று பல தடவை பக்கத்துவீட்டுப் போனிலிருந்து சொல்லியிருக்கிறேன். வாக்கிங் இல்லை. கடைத்தெருவில் புதிதாக வந்திருக்கிற பெரிய துணிக்கடையில் லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள், ஏறுகிறவர்கள் மாடி சொன்னால் இவர் பொத்தானை அழுத்தவேண்டும். அந்த லிஃப்டை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார், ஆனால் அவர்களுக்கு வேண்டியது பொத்தான் அழுத்த ஒரு விரல். சாப்பாடு மறந்துவிட்டுப் போன அன்று எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்தது, உள்ளே ஏழெட்டுப் பேர், நடுவில் சீருடையில் உன் அப்பா, அந்தத் தொப்பி அவருக்குப் பெரியது, காதுவரை இறங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். "ஆள் ஜாஸ்தி, அடுத்த தடவை வாங்க" என்று எல்லோரிடமும் சொல்கிற குரலில் சொல்லிக் கதவை மூடிவிட்டார். நான் டப்பாவை வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கும் பழைய மருந்துக்கடையில் அரைநாள் வேலை கிடைத்திருக்கிறது, இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடப்போகிற காசு அதுதான், ஆகவே பசி பட்டினி என்று நீ பதறவேண்டாம், எங்கள் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இப்போது நான் உன்னிடம் கேட்கப்போவது கொஞ்சம் பெரியது. உன் அப்பா இதை உன்னிடம் சொல்லமாட்டார். எனக்குத் தெரியும், முயன்று பார்த்தார். நீ கூப்பிடும் நாளெல்லாம் காலையிலேயே, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்பார், நீ "அப்பா, ரூம் எப்படியிருக்கு" என்று கேட்டதும், வெள்ளையடித்தது, ஜன்னல் வைத்தது, கம்பி அடித்தது என்று ஆரம்பித்துவிடுவார். நீயும் அந்தப் பக்கம் சிரிப்பாய். போனை வைத்த பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. நீ டிக்கெட் தேதி சொன்னதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ பெட்டியோடு வந்து நின்று, அறை எங்கே என்று கேட்கிற நாள் வந்தால் உன் அப்பா தாங்கமாட்டார், இது பயமுறுத்துகிற பேச்சு இல்லை, கூடவே இருக்கிறவள் சொல்கிறேன். அதனால் நீ வரவில்லை என்று நீயே சொல்லிவிடு. உனக்கு மேல்பதவி கொடுத்துவிட்டார்கள் என்று சொல், பேத்திக்குப் பள்ளிக்கூடத்தை விட மனசில்லை என்று சொல், அந்த ஊர் பிடித்துவிட்டது என்றுகூடச் சொல். கிளினிக்கெல்லாம் வேண்டாம்பா, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கொஞ்சம் அலட்சியமாகவே சொல். அவர் கோபப்படுவார். பெற்ற பெண்ணுக்குக் காசுதான் பெரிதாகப் போயிற்று என்று என்னிடம் உன்னைத் திட்டுவார், நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன், காதில் விழுந்தாலும் மனசில் வைத்துக்கொள்ளாதே. உன்மேல் அவர் கோபப்பட்டுக்கொண்டு இருந்துவிடட்டும், தன்மேல் படுவதைவிட அது அவருக்கு லேசு. பழியை உன் தலையில் போடுகிறேன் என்று எனக்குத் தெரிகிறது. வேறு தலை இல்லை, கண்ணு.

அங்கே நீ படுகிற பாடு தெரியாமல் இதை எழுதவில்லை. படித்தது ஒன்று, செய்வது ஒன்று, ராத்திரி பகலாக வயதானவர்களைத் தூக்கி நிறுத்திக் குளிப்பாட்டிவிட்டு, அந்தச் சூப்பர்வைசரின் ஏச்சையும் கேட்டுக்கொண்டு, பெண் குழந்தையோடு தனியாக, ஒருநாள்கூட இனி முடியாதும்மா என்று போன மாதம் அழுதாயே, அந்தக் குரல் எனக்குக் காதிலேயே இருக்கிறது. முடியாது என்று சொன்ன பெண்ணைத்தான் இன்னும் இரு என்கிறேன். எத்தனை வருடம் என்று கேட்காதே. உனக்கும் முதிர்வுத் தேதி போட முடியாமல் நிற்கிறேன். உன்னைப் பார்க்காமலே எங்களுக்கு முடிந்துபோகும் என்றுதான் நினைக்கிறேன், அதையும் சொல்லிவிட்டேன்.

இனிமேல் எங்களுக்குப் பணம் அனுப்பாதே. உன் பெயரில் அங்கேயே சேர்த்து வை. இந்த வயதில் நான் படித்துக்கொண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆறு மாதச் செலவுக்கு நினைத்த நேரம் எடுக்கிற மாதிரி ஒரு தொகையைத் தனியாக வை, அது வட்டி குறைவாகத்தான் தரும், தரட்டும். மீதியை ஒரே இடத்தில் போடாதே, உன் அப்பா உனக்கு எண்ணிக் காட்டிய கயிறுகளை நினைத்துக்கொள். வட்டி ஊரில் எல்லோரும் கொடுப்பதைவிடக் கூடுதல் என்றால், எதற்காகக் கூடுதல் கொடுக்கிறாய் என்று வாய்விட்டுக் கேள், கேட்கக் கூச்சப்படாதே. தேதி இல்லாத எதிலும் கையெழுத்துப் போடாதே. அழகான சொல்லாக இருந்தால் இரண்டு தடவை அர்த்தம் கேள். பேத்திக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு, அவளுக்கு என் முத்தம். நீயும் அவளும் எந்தக் குறையும் இல்லாமல், எங்களுக்குக் கிடைக்காத நிம்மதியெல்லாம் உங்களுக்குக் கிடைத்து, நூறு வருடம் நன்றாக இருக்கவேண்டும், அம்மா மனசார வாழ்த்துகிறேன்.

படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, ஒன்றும் தெரியாத மாதிரி ஆரம்பித்து, மெதுவாக அந்தப் பேச்சை எடு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். முன்பெல்லாம் போனை வைக்குமுன் அப்பா உன்னிடம் கடைசியாக ஒரு சொல் சொல்வார், கவனித்திருப்பாய், இப்போது சில மாதமாகச் சொல்வதில்லை, சரி சரி என்று வைத்துவிடுகிறார். பழக்கதோஷத்தில் நீ அந்தச் சொல்லை அவரிடம் சொல்லிவிடாதே. இந்தக் கடிதத்தையும் அந்தச் சொல் இல்லாமலே முடிக்கிறேன்.

கவனமாக இரு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா